இண்டக்‌ஷன் அடுப்புக்கு மேட் வாங்கலாமா? சேலம் கடைகளில் கிடைப்பவற்றில் உழைப்பது எது, கருகுவது எது

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கப் போனால், பில் போடுவதற்கு முன் கடைக்காரர் எடுத்து நீட்டுகிற சாமான் இந்த மேட். அடுப்பின் கண்ணாடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே விரிப்பது. வட்டமாக, கறுப்பிலோ சாம்பல் நிறத்திலோ இருக்கும். சுருட்டினால் பைக்குள் போய்விடும். "கண்ணாடியில கீறலே விழாதுங்க, பால் பொங்கினா எடுத்துக் கழுவிக்கலாம்" என்பார். முதல் வாக்கியம் பெரும்பாலும் சரி. இரண்டாவது அரைகுறை. நம் சமையலில் பாதி வேலைக்கு அந்த மேட் அடுப்பின் மேல் இருக்கவே கூடாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சோறு, பருப்பு, பால், காபித் தண்ணீர், குக்கர், களி என்று தண்ணீர் இருக்கிற எந்த வேலைக்கும் நல்ல சிலிகான் மேட் போடலாம். தாளிப்பு, தோசை, பூரி, வறுவல், கடலை வறுப்பது இவற்றுக்கு எந்த மேட்டும் வேண்டாம். எண்ணெய்த் தெறிப்புக்கு வாங்க வேண்டியது மேட் அல்ல, வலைமூடி. இந்த மூன்றையும் ஏற்றுக்கொள்கிறவர்கள் கீழே உள்ளதில் தங்களுக்கு வேண்டிய பகுதியை மட்டும் படித்தால் போதும்.

கீறல் எங்கிருந்து வருகிறது

அடுப்பின் மேல்தட்டு ஜன்னல் கண்ணாடி வகை அல்ல. உருக்கிய கண்ணாடியைத் திரும்பவும் சூடாக்கி உள்ளே நுண்படிகங்களை வளரவிட்டுச் செய்த தட்டு அது. வீட்டு ஒற்றை அடுப்புகளில் வழக்கமான தடிமன் 4 மி.மீ. நல்ல தரத் தட்டு சூட்டில் கிட்டத்தட்ட விரிவதே இல்லை. சூடான தட்டில் குளிர்ந்த தண்ணீர் கொட்டினாலும் வெடிக்காமல் தாங்குவது அதனால்தான். ஆனால் சூட்டைத் தாங்குவது வேறு, உரசலைத் தாங்குவது வேறு.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் இந்தத் தட்டு ஏறத்தாழ 6. எவர்சில்வர் அதற்குச் சற்றுக் கீழே. ஆகவே சுத்தமான, வழவழப்பான எவர்சில்வர் அடி இந்தத் தட்டைக் கீறுவது அபூர்வம். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. பின்கட்டில் சிமென்ட் தளத்தில் பாத்திரம் துலக்கி, அங்கேயே கவிழ்த்து வைத்து, ஈரத்தோடு எடுத்துவந்து அடுப்பில் வைக்கிற வீடுகளில் பாத்திர அடியில் நாலு மணல் துகளாவது ஒட்டியிருக்கும். அதன் மேல் மூன்று கிலோ எடையுள்ள குக்கரை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் வெள்ளைக் கோடு விழத்தான் செய்யும். உப்பைச் சிலர் சந்தேகிக்கிறார்கள். கல் உப்பின் கடினம் 2.5 மட்டும், அது கண்ணாடியைக் கீறாது.

அடுத்த காரணம் வளைந்த அடி. மெல்லிய ஒற்றைத் தகட்டு எவர்சில்வர் பாத்திரம் இண்டக்‌ஷன் சூட்டில் அடி வெளிப்பக்கம் புடைத்துக்கொள்ளும். அப்புறம் கரண்டி போட்டுக் கிளறும்போதெல்லாம் பாத்திரம் பம்பரமாகச் சுற்றும், தட்டின் நடுவில் வட்ட வட்டமாகக் கோடு விழும். சேலத்தில் "இது நம்ம உருக்காலைத் தகடுங்க" என்று சொல்லிப் பாத்திரம் விற்பது உண்டு. தகடு எந்த ஆலையில் உருட்டியது என்பதை விட அது எந்த வகை என்பதே இங்கே கணக்கு. 304 வகை எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. 430 வகையில் ஒட்டும். காந்தம் ஒட்டாத அடியை இந்த அடுப்பு ஏற்றுக்கொள்ளாது. கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டுகிற சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் காந்தம் கெட்டியாக ஒட்ட வேண்டும். அதோடு ஒரு எவர்சில்வர் ஸ்கேலை அடியில் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் புடைப்பு தெரிந்துவிடும். நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு இரு ஓரமும் வெளிச்சம் கசிந்தால் அந்தப் பாத்திரம் வேண்டாம்.

வார்ப்பு இரும்புத் தோசைக்கல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். மணல் அச்சில் வார்த்த கல்லின் அடி சொரசொரப்பாக இருக்கும். சிலவற்றில் வார்ப்புப் பிசிறு ஊசி முனையாக நீட்டிக்கொண்டிருக்கும். வாங்கியதும் அடியை 80 எண் எமரித் தாளால் தேய்த்துப் பிசிறை எடுத்து, பிறகு 150, கடைசியாக 220 எண் தாளால் வழவழப்பாக்க வேண்டும். ஒரு பழைய பருத்தித் துணியை அடியில் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டாமல் வந்தால் போதும். மற்றபடி விதி ஒன்றே: தூக்கி வைப்பது, தூக்கி எடுப்பது, இழுக்காமல் இருப்பது. மேட் இல்லாமல் பல வருஷம் கீறல் படாமல் இருக்கிற அடுப்புகளின் ரகசியம் வேறு எதுவுமில்லை.

கீறல் போலத் தெரிந்து கீறலாக இல்லாதவையும் உண்டு. அலுமினியக் குக்கரின் அடியில் எவர்சில்வர் தகடு பதித்து 'இண்டக்‌ஷன் பேஸ்' என்று விற்கிறார்கள். அந்தத் தகட்டின் துளைகள் வழியே அலுமினியமும் கண்ணாடியைத் தொடும். உரசும்போது சாம்பல் நிறக் கோடாக அலுமினியம்தான் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது, பென்சில் காகிதத்தில் எழுதுவது போல. நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அது கீறல். தடுக்காமல் வழுக்கினால் உலோகக் கறை. கறை என்றால் கண்ணாடி அடுப்புக்கென்றே விற்கும் கிரீமை ஈரத் துணியில் எடுத்துச் சுழற்றித் தேய்க்க, போய்விடும். சிலர் இதைக் கீறல் என்று நினைத்து அடுப்பையே மாற்றுகிறார்கள்.

சிலிகான் மேட்

கடைகளில் இரண்டு ரகம். முழுச் சிலிகான் மேட் ஒன்று. கண்ணாடியிழைத் துணியின் மேல் சிலிகான் பூசிய மெல்லிய மேட் இன்னொன்று. தடித்த, புடைப்புக் கட்டங்கள் கொண்ட சூடு தாங்கும் மேட்டையும் சிலர் இண்டக்‌ஷன் மேட் என்று விற்பார்கள். அது சூடான பாத்திரத்தை மேசையில் இறக்கி வைப்பதற்கானது.

தடிமனை ஏன் பார்க்க வேண்டும் என்றால், அடுப்புக்குள் இருக்கும் செம்புச் சுருளுக்கும் பாத்திர அடிக்கும் இடைவெளி கூடக் கூட, காந்தப் புலம் பாத்திரத்தைப் பிடிப்பது குறையும். அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை மேட் போட்டால் வித்தியாசம் தெரியாது. மூன்று மி.மீ. போட்டால் சில அடுப்புகள் 'பாத்திரம் இல்லை' என்று கீச்சிட்டு நின்றுவிடும். ஓடினாலும் வேகம் குறையும். அடி சிறுத்த பால் பாத்திரமோ காபிப் பாத்திரமோ வைத்தால் இந்தக் கோளாறு சீக்கிரமே காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான வீட்டு அடுப்புகள் 12 செ.மீ. அடியாவது இருந்தால்தான் பாத்திரத்தை ஏற்றுக்கொள்ளும். அந்த எல்லையில் இருக்கிற பாத்திரத்துக்கு மேட் கொஞ்சம் தடித்தாலும் பிடி போய்விடும்.

சூட்டுக் கணக்குதான் முக்கியம். சமையலறைச் சிலிகான் சாமான்களில் பொதுவாக 220 முதல் 230 டிகிரி வரை என்று போட்டிருப்பார்கள். தண்ணீர் உள்ள பாத்திரம் 100 டிகிரியை அதிகம் தாண்டாது. குக்கருக்குள் விசில் வரும் சமயத்தில் சுமார் 120. அடித்தகடு இதைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தாலும் மேட்டுக்கு ஆபத்தில்லை. எண்ணெய் வேறு கதை. பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரி. வடச்சட்டியின் அடி எண்ணெயை விட எப்போதும் சூடு கூடியது. வெறும் சட்டியைக் காய வைத்தால் நிலைமை இன்னும் மோசம். அரை கிலோ எடையுள்ள எவர்சில்வர் சட்டி 1800 வாட்டில் ஒரு நிமிடத்துக்குள் 250 டிகிரியைத் தாண்டிவிடும். கடுகு போடுவதற்கு முன் அந்தப் பக்கம் திரும்பி வெங்காயம் நறுக்குகிற நேரம் போதும். மேட்டில் முதலில் சட்டி அடியின் வட்டம் வெளிறித் தெரியும், பிறகு பழுப்பேறும், பிறகு விறைத்து வெடிப்பு விடும். இன்னும் போனால் புகைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுப்பது கருகிய பாலைச் சுரண்டுவதை விடக் கஷ்டம்.

இதைவிடப் பெரிய குறை கண்ணுக்குத் தெரியாதது. செம்புச் சுருளின் நடுவில், கண்ணாடியின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு, வெள்ளைப் பசை தடவிய ஒரு சின்ன வெப்ப உணரி உண்டு. பாத்திரம் எவ்வளவு சூடு என்பதை அடுப்பு தெரிந்துகொள்வது அது வழியாகத்தான். பாத்திரத்தின் சூடு கண்ணாடியைத் தாண்டி அதற்குப் போய்ச் சேரவே சில வினாடிகள் ஆகும். நடுவில் சிலிகான் போட்டால் தாமதம் கூடுகிறது. சிலிகான் சூட்டை எளிதில் கடத்தாத பொருள். அடுப்பு பாத்திரத்தை 150 என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பாத்திரம் 220-இல் இருக்கலாம். வெறும் பாத்திரம் காய்ந்தால் தானே அணைந்துவிடும் பாதுகாப்பும் அந்த அளவுக்குப் பிந்தும். மேட் போட்டிருக்கும்போது தோசை, பொரியல் என்ற பொத்தான்களையும் டிகிரி வைக்கும் முறையையும் தொடக் கூடாது என்பது இதனால்தான். வாட் அளவை வைத்து மட்டும் ஓட்டுங்கள். நடுவில் ஓட்டை விட்ட மேட் கிடைத்தால் அது கொஞ்சம் மேல், ஆனால் அந்த ஓட்டை வழியாகப் பால் உள்ளே இறங்கும்.

மேட்டின் நிஜமான பலன் கீறலை விட வழுக்காமல் பிடிப்பதில் இருக்கிறது என்பேன். ராகிக் களி கிண்டுகிற வீடுகளுக்கு இது தெரியும். வெறும் கண்ணாடியில் பாத்திரம் துடுப்போடு சேர்ந்து சுற்றும். சிலிகான் மேல் வைத்தால் பாத்திரம் நகராது, ஒரு கை இடுக்கியில் இருந்தால் போதும். களிக்குத் தண்ணீர் கொதித்து மாவு போட்டதும் 400 - 500 வாட்டுக்குக் குறைத்துவிடுங்கள். கெட்டியானதும் அடியில் தண்ணீர் தங்காது, சூடு ஒரே இடத்தில் ஏறும். கடைசியாகக் கிண்டும்போது முழு பலம் போட வேண்டியிருந்தால் பாத்திரத்தைத் தரைக்கு இறக்கிக்கொள்ளுங்கள். அந்த அழுத்தம் கண்ணாடியின் மேல் வேண்டாம்.

பால் பொங்கினால் மேட்டை எடுத்துக் கழுவலாம் என்பதில் உள்ள பொய்யும் இங்கேதான். பொங்கிய பால் மேட்டின் விளிம்பு வழியாக அடியிலும் போகும். மேட் போட்டதால் அது தெரியாது. அடுத்த சமையலில் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அது காய்ந்து படலமாகும். ஒவ்வொரு முறையும் அடுப்பு ஆறியதும் மேட்டைத் தூக்கி, இரண்டு பக்கமும் கண்ணாடியையும் துடைத்து, ஈரம் போன பிறகே திரும்பப் போட வேண்டும். ஏற்காட்டில் பனி இறங்கும் மாதங்களில் கண்ணாடியே ஈரம் கோத்துக்கொள்ளும். ஈரத்தின் மேல் போட்ட மேட்டின் அடியில் நீராவி கட்டி, மேட் குமிழ்விட்டு நகரும். மலையில் இன்னொரு வேறுபாடும் உண்டு. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிப்பதால், மூடி போடாமல் பருப்பு வேக அதிக நேரம் ஆகும். பொறுமையில்லாமல் வாட்டைக் கூட்டினால் பருப்பு வேகமாக வேகாது, பொங்கி வழிவதுதான் மிச்சம். குக்கரில் வையுங்கள்.

வாங்கும்போது மோந்து பாருங்கள். நல்ல சிலிகானில் வாடை இருக்காது. ரப்பர் வாடையோ பிளாஸ்டிக் வாடையோ அடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். ஓரத்தை மடித்து இறுக்கி முறுக்கினால், கலப்படம் கூடிய சரக்கில் மடிப்பு வெள்ளையாக வெளுக்கும். இது முழுக்க நம்பக்கூடிய சோதனை இல்லை, நிறமி சேர்ந்த சரக்கு ஏமாற்றும். ஒரு துணுக்கை வெட்டி எரித்துப் பார்ப்பது இன்னும் உறுதி: சிலிகான் வெள்ளைச் சாம்பலாகும், பிளாஸ்டிக் கறுப்புப் புகை விட்டு உருகிச் சொட்டும். கடைக்காரர் முன்னால் செய்ய முடியாதுதான். அளவு 22 முதல் 24 செ.மீ. விட்டம் போதும். அடுப்பின் தொடு பொத்தான்களை மேட் மூடக் கூடாது.

கண்ணாடியிழை மேட்

மெல்லியது, அரை மி.மீ. சுற்றி. பாத்திரத்தை அடுப்பு எளிதாகப் பிடிக்கும், உணரிக்குத் தாமதமும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் சிலிகானை விட நல்ல தேர்வு. ஆனால் இழை சூட்டைத் தாங்கினாலும் மேலே பூசிய சிலிகான் தாங்கும் அளவு அதே 230 சுற்றித்தான். விளிம்புதான் இதன் பலவீனம். விளிம்பு வரை பூச்சு மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்து தெரிந்தால் வேண்டாம். அடுப்புக்குத் தக்கபடி கத்தரியால் வெட்டிக்கொள்வது பெரிய தப்பு. வெட்டிய இடத்தில் கண்ணாடி இழை உதிரும், கையில் பட்டால் அரிக்கும், சோற்றில் விழுந்தால் இன்னும் கெடுதல். மடித்து வைக்கவும் கூடாது, மடிப்பில் பூச்சு வெடிக்கும். சுருட்டி வையுங்கள். பழுப்பு வட்டம் விழுந்த மேட்டைத் திருப்பிப் போட்டு ஓட்டாமல் தூக்கி எறியுங்கள்.

காகிதம், ஃபாயில், தட்டு, ஸ்டிக்கர்

அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே செய்தித்தாள் போட்டுச் சமைக்கும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. இண்டக்‌ஷனில் கண்ணாடி தானாகச் சூடாவதில்லை, பாத்திரம் தரும் சூடுதான் என்பதைக் காட்ட அது நல்ல வேடிக்கை. தினசரிப் பழக்கத்துக்கு ஆகாது. காகிதம் 230 டிகிரி சுற்றித் தானே தீப்பிடிக்கும். தண்ணீர் வற்றாத வரை ஒன்றும் ஆகாது. வற்றிவிட்டால் அடுப்புக்கு மேலேயே தீ. பேக்கிங் தாளுக்கும் அளவு 220 டிகிரிதான். அவசரத்துக்கு, பால் காய்ச்சும் நேரம் பக்கத்திலேயே நிற்பவர்கள் ஒரு தாள் போட்டுக்கொள்ளட்டும். அதற்கு மேல் இல்லை.

அலுமினிய ஃபாயிலை எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள். மெல்லிய உலோகத் தாளில் சுழல் மின்னோட்டம் பாய்ந்து நொடியில் சூடேறும். ஓட்டை விழும், கண்ணாடியில் ஒட்டும்.

மண்சட்டியையும் செம்புப் பாத்திரத்தையும் இண்டக்‌ஷனில் வைக்கலாம் என்று சொல்லி நடுவில் போடும் இரும்புத் தட்டு ஒன்றும் விற்கிறது. அதைக் கண்ணாடிக்குப் பாதுகாப்பு என்று சொன்னால் நம்பாதீர்கள். முழு வாட்டும் அந்த மெல்லிய தட்டிலேயே சூடாகிறது. மேலே உள்ள மண்சட்டி அதை மெதுவாகத்தான் வாங்கும். மிச்சச் சூடு கண்ணாடிக்கும் உணரிக்கும் போகும். அடுப்பு அடிக்கடி தானே அணைவதும், கண்ணாடியின் நடுவில் மஞ்சள் வட்டம் விழுவதும் இதன் பரிசு. மண்சட்டிக் குழம்புக்கு கேஸ் அடுப்பே சரி.

பளபளவென்ற ஒட்டும் பிளாஸ்டிக் படலம், பூப் போட்ட ஸ்டிக்கர் ஆகியவை சுவருக்கு. அடுப்புக்கு அல்ல.

மேலே எதைப் போடுகிறோம் என்று பார்க்கிறவர்கள் கீழே என்ன விரித்திருக்கிறோம் என்று பார்ப்பதில்லை. அடுப்பின் அடியில்தான் மின்விசிறி காற்றை உறிஞ்சுகிறது. மேடையில் மெழுகுத் துணியோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு அதன் மேல் அடுப்பை வைத்தால் விரிப்பு உறிஞ்சப்பட்டு காற்று வழியை அடைத்துவிடும். வெறும் கடப்பா மேடையே நல்லது. பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஒரு சாண் இடம் விடுங்கள்.

தெறிப்புக்கு வலைமூடி

எண்ணெய் தெறிப்பது இண்டக்‌ஷனில் கேஸை விடக் கொஞ்சம் அதிகமாகத் தோன்றும். காரணம், சுருளின் வளையத்துக்கு நேர் மேலே உள்ள அடிப்பகுதி சட்டென்று சூடேறுகிறது. ஈரம் உள்ள கறிவேப்பிலையோ கழுவிய வெண்டைக்காயோ அந்த இடத்தில் விழுந்தால் தண்ணீர் நொடியில் ஆவியாகி எண்ணெயைத் தூக்கி எறிகிறது. முதல் மருந்து காசில்லாதது: கறிவேப்பிலையைத் துடைத்துப் போடுங்கள், தாளிக்க 800 வாட்டைத் தாண்டாதீர்கள், எண்ணெய் ஊற்றிய பிறகு அடுப்பைப் போடுங்கள்.

இரண்டாவது மருந்து எவர்சில்வர் வலைமூடி. நீண்ட கைப்பிடி, வட்டச் சட்டம், அதில் மெல்லிய கம்பி வலை. நீராவி வெளியே போகும், எண்ணெய்த் துளி வலையில் நிற்கும். அதனால் வறுவல் வதங்காமல் மொறுமொறுப்பாக இருக்கும். சாதாரண மூடி போட்டால் நீராவி உள்ளே விழுந்து தெறிப்பு இன்னும் கூடும். இங்கே சொல்கிற சாமான்களில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது என்றால் முதலிடம் இதற்குத்தான். வலை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய துணி போலத் தெரிய வேண்டும். சட்டமும் வலையும் சேரும் இடத்தில் இடுக்கு இருந்தால் எண்ணெய் அங்கே பிசுக்காகும். சட்டியின் வாயை விட இரண்டு மூன்று செ.மீ. பெரிதாக வாங்குங்கள். கழுவ, அகலத் தட்டில் வெந்நீரும் இரண்டு கரண்டி சமையல் சோடாவும் போட்டு அரை மணி ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் அடுப்பின் கண்ணாடி மேல் வலைமூடியைக் கழற்றி வைக்காதீர்கள். சில வகை வலையையும் அடுப்பு பாத்திரமாக எடுத்துக்கொண்டு சூடாக்கிவிடும்.

கேஸ் அடுப்பைச் சுற்றி நிறுத்தும் மடிப்பு ஃபாயில் திரையை இண்டக்‌ஷனுக்கு வாங்கிப் போகிறார்கள். அது அலுமினியம். சுருளுக்கு அருகில் வந்தால் சூடாகும், விசிறியின் காற்றையும் மறிக்கும். நிறுத்தியே தீர வேண்டும் என்றால் அடுப்பின் விளிம்பிலிருந்து பத்து செ.மீ. தள்ளி, பின்பக்கச் சுவரோரம் மட்டும்.

கறை எடுப்பது

சேலத்துச் சமையலில் கண்ணாடிக்குப் பெரிய எதிரிகள் இரண்டு. ஒன்று ஜவ்வரிசி. கஞ்சியோ பாயசமோ பொங்கினால் அந்தப் பசை கண்ணாடியில் காய்ந்து மெல்லிய கண்ணாடித் தாளாகிவிடும். அது பார்க்கத்தான் பயம். மாவுச்சத்து தண்ணீரில் இளகும். வெந்நீரில் நனைத்த துணியைப் பதினைந்து நிமிடம் மேலே போட்டு வைத்தால் உரிந்து வரும்.

இரண்டாவது வெல்லமும் சர்க்கரையும். பாகு, மாம்பழ ஜாம், அதிரசப் பாகு எதுவாக இருந்தாலும், உருகிய சர்க்கரை சூடான கண்ணாடியோடு இறுக ஒட்டும். ஆறி இறுகும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் கண்ணாடியின் மேல்பரப்பிலிருந்து சிறு சிம்பு பெயர்ந்து வரலாம். அப்படி விழும் குழியை எந்தக் கிரீமும் நிரப்பாது. மற்ற கறைகளுக்கு ஆறட்டும் என்று காத்திருக்கலாம். பாகுக்கு மட்டும் கூடாது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தை எடுத்துவிட்டு, சூடு இருக்கும்போதே கண்ணாடிச் சுரண்டியால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் தள்ளிவிட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சுரண்டி என்றால் ஒற்றை பிளேடு மாட்டிய, கண்ணாடி அடுப்புக்கான சுரண்டி. பிளேடைக் கண்ணாடியோடு 30 டிகிரி சாய்வில் படுக்க வைத்துத் தள்ளுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் முனை கீறும். துருப்பிடித்த, பல் விழுந்த பிளேடு வேண்டாம். வட்டக் கோடுகளும் எழுத்துகளும் மேல்பக்கம் அச்சிட்ட கண்ணாடியானால் அந்த இடங்களில் பிளேடு போடாதீர்கள், அச்சு உரிந்துவிடும்.

கருகிய பாலுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் மூன்று பங்கு சமையல் சோடாவில் ஒரு பங்கு தண்ணீர் குழைத்துப் பூசி, பத்து நிமிடம் ஈரத்துணி மூடி வைத்துத் துடையுங்கள். சோடா கண்ணாடியை விட மிக மிருது, கீறாது. போர்வெல் தண்ணீர் தெளித்து விழும் வெள்ளைப் புள்ளிகள் சுண்ணாம்பு. அதற்குச் சோடா பயன்படாது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ தடவி ஐந்து நிமிடம் விட வேண்டும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்குவது பார்க்க நுரைக்கும், அவ்வளவுதான். ஒன்றை ஒன்று முறித்துவிடும்.

கம்பி நார், சாம்பல், செங்கல்பொடி, பாத்திரம் துலக்கும் பவுடர் எதுவும் கண்ணாடி மேல் வேண்டாம். பச்சை நார்ப்பட்டையையும் ஒதுக்குங்கள். அதில் கண்ணாடியை விடக் கடினமான அரைப்புத் துகள் கலந்த வகைகள் உண்டு. கண்ணாடி மங்கிப்போவதற்குப் பாத்திரம் மட்டுமல்ல, இந்தப் பச்சைப் பட்டையும் காரணமாகலாம்.

கண்ணாடி விரிசல் விட்டால்

கீறலோடு அடுப்பை ஓட்டலாம். விரிசலோடு ஓட்டக் கூடாது. தலைமுடி அளவு விரிசல் வழியாகவும் பால், தண்ணீர் உள்ளே இறங்கும்; கீழே இருப்பது மின்சாரம். உடனே சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். டேப் ஒட்டியோ மேட் போட்டு மறைத்தோ சமைப்பது விஷப்பரீட்சை. விரிசல் பெரும்பாலும் ஓரத்திலோ மூலையிலோதான் தொடங்கும், தோசைக்கல்லின் விளிம்பு அங்கே இடித்திருக்கும். தட்டின் நடுப்பகுதி தாங்கும் அடியை ஓரம் தாங்காது.

கண்ணாடியை மட்டும் மாற்றித் தருவார்கள். பழைய அடுப்பையே கையோடு எடுத்துப் போங்கள். நீள அகலம் ஒத்திருந்தாலும் மூலை வளைவு மாறும். புதுத் தட்டு பழைய தடிமனிலேயே இருக்க வேண்டும். இண்டக்‌ஷன் தட்டுக்குப் பதில் சாதாரண டஃபன் கண்ணாடியை (சூடேற்றி உறுதிப்படுத்திய ஜன்னல் வகைக் கண்ணாடி) போட்டுக் கொடுப்பதும் நடக்கிறது. அது இந்தச் சூட்டுக்கு வெடிக்கும், ஆகவே இண்டக்‌ஷன் தட்டுதானா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். ஒட்டுவதற்குச் சூடு தாங்கும் சிலிகான் பசை, அது இறுக ஒரு நாள். ஒட்டுவதற்கு முன் உணரியின் தலையில் வெள்ளை வெப்பப் பசையைப் புதிதாகத் தடவச் சொல்லி, தடவுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய பசை காய்ந்து உதிர்ந்த நிலையில் அப்படியே மூடிவிட்டால், மேட் போடாமலேயே மேட் போட்ட அடுப்பு மாதிரி சூடு பிந்தித் தெரியும். முதல் தோசையே கருகும்.